ஐந்து நாற்காலி அதிகம்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஷார்ஷென், அவர் மனைவி புருல், அண்டை வீட்டு துய்ஷோன், மேல்தெரு கால்மாத், ஆப்பிள் தோட்டத்து ஒமுர்பெக், ஓய்வுபெற்ற வாத்தியார் பேகாலி, ஊர் மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் ஜிபார். ஆக ஏழு பேர். அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஆட்டை இதில் சேர்க்கவில்லை.

நாற்காலிகளும் ஏழு. வம்பு அங்கேதான் தொடங்கியது.

விடிந்ததும் விடியாததுமாக புருல் பள்ளிக்கூடத்திலிருந்து கழுதை வண்டியில் அவற்றை ஏற்றிவந்து, ஜன்னலோரம் கிடந்த உயரமான மேசையைச் சுற்றிப் போட்டாள். ஷார்ஷென் அப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலை நேரத்தில் அவருடைய முழங்கால்கள் துருப்பிடித்த கீல்கள். சமோவாரில் தேநீர் கொதித்து முதல் கோப்பை உள்ளே போகும்வரை மடங்காது. அதன் பிறகு மடங்கும், சத்தம் போட்டுக்கொண்டு மடங்கும். காய்ந்த ரொட்டியை யாரோ அடுத்த அறையில் உடைப்பதுபோல இருக்கும். வலதுகாலில் சத்தம் கொஞ்சம் கூடுதல்.

இது வீட்டிலும் ஊரிலும் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய கணக்கு.

"எத்தனை நாற்காலி?" என்று கேட்டார்.

"ஏழு."

"ரெண்டு போதும். ஜிபாருக்கு ஒண்ணு, அவ படிச்சவ. சமோவார் பக்கத்துல உனக்கு ஒண்ணு. ஆம்பளைங்க அஞ்சு பேரும் கீழே விரிப்புல உட்காருவோம். அஞ்சு நாற்காலி அதிகம்."

"பள்ளிக்கூடத்துல ஏழாத்தான் குடுக்கறாங்க."

"நாற்காலியை எவனாவது ஏழு ஏழாக் குடுப்பானா? அது என்ன முட்டையா?"

"சந்தேகம்னா ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்க, கிழவரே. மேட்டுக்கு மேலதானே இருக்கு."

பள்ளிக்கூடம் மேட்டுக்கு மேலேதான் இருந்தது. போவதுகூடப் பெரிதில்லை. இறங்குவதுதான் பெரிது. இறக்கத்தில் முழங்கால் பேசும் பேச்சை அவர் ஒருவரே அறிவார். எனவே நாற்காலி ஏழாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று சாதாரண விருந்து இல்லை. மலையில் பனி உருக ஆரம்பித்தால், ஊரின் மூத்த ஆண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, அந்த வருடத்து நீர்பாய்ச்சி யார் என்று முடிவு செய்வார்கள். எந்த வயலுக்கு எப்போது மதகு திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. ஷார்ஷென் பல வருடங்களாக அந்த வேலையைப் பார்த்துவந்தார். சாயங்காலம் கால்வாயோடு நடந்துபோய், கடைசி வயலின் கடைசிப் பாத்தியிலும் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த நேரத்துக்காகத்தான் அவர் குளிர்காலம் முழுவதையும் பொறுத்துக்கொண்டு கிடந்தார்.

ஆனால் நீர்பாய்ச்சி கால்வாய்க்குள் இறங்கவேண்டும், குந்தவேண்டும், மதகுப் பலகையைத் தூக்கவேண்டும். அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு கல்யாணத்தில் சம்மணம் போட முடியாமல் நாற்காலி கேட்டார். அடுத்த வசந்தத்தில் மண்வெட்டி கை மாறிவிட்டது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் நன்றாக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுதான் பயங்கரம். துய்ஷோன் வேறு ஷார்ஷெனைவிட ஒரே ஒரு வயது இளையவர். போன வருடம் புது மண்வெட்டி ஒன்று வாங்கியிருந்தார்.

ஜிபாரிடம் போய்க் காலைக் காட்டுங்கள் என்று புருல் ஒன்றரை வருடத்துக்கு முன் சொல்லிப் பார்த்தாள். வலி என்று ஒன்று இருந்தால்தானே காட்டுவதற்கு என்றார். கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வளைக்கரடிக் கொழுப்பை வாங்கிவந்து ரகசியமாகத் தடவினார். அந்த வாடைக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது. பிறகு, யாரோ சொன்னார்கள் என்று அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலைச் சூட்டோடு இரண்டு கால்களிலும் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தொழுவத்தில் படுத்திருந்தார். முழங்கால் அப்படியே இருந்தது. ஊர் நாய்கள் மட்டும் ஒரு வாரத்துக்கு அவரை விட்டுப் பிரியவில்லை.

அதற்கப்புறம் புருல் பேச்சை நிறுத்திவிட்டாள். பெண்டாட்டி பேச்சை நிறுத்தினால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற ஆண்களில் ஷார்ஷெனும் ஒருவர்.

பேச்சை நிறுத்தியவள் ஒரு துறட்டி செய்து கொடுத்தாள். வாதுமை மரத்துக் கோல், நுனியில் இரும்புக் கொக்கி, மேலே கைக்கு அடக்கமான பிடி. கரையில் நின்றபடியே மதகுப் பலகையைக் கொக்கியில் மாட்டி இழுக்கலாம், புதுக் கால்சராய் நனையாது என்றாள். உயரம் அவருடைய மணிக்கட்டுக்குச் சரியாக இருந்தது. இடதுகையில் பிடியுங்கள், எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வலதுகை வேண்டாமா என்றாள். அது நியாயமாகப் பட்டது. கைத்தடி வைத்துக்கொள்கிற கிழவர்களைப் பார்த்தால் ஷார்ஷெனுக்குப் பாவமாக இருக்கும். நல்லவேளை, தன் கையில் இருப்பது வேலைச் சாமான்.

குளிர்காலத்தில் நூல் சுற்றச் சொன்னாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிக்கவேண்டும். அவள் கம்பளி நூல் வளையத்தைக் கணுக்காலில் மாட்டி எதிரே உட்கார்ந்து உருண்டை சுற்றுவாள். நூல் தொய்யக்கூடாது. வலதுகால், பிறகு இடதுகால், பிறகு மறுபடி வலதுகால். தினமும் நடந்தது. இவ்வளவு நூலுக்கும் ஒரு காலுறைகூடக் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. கேட்டால் இன்னும் சுற்றச் சொல்வாளோ என்று கேட்கவில்லை.

அன்றைய நாளுக்கு ஷார்ஷென் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். முதலில் உட்காருவது, கடைசியில் எழுந்திருப்பது. விருந்தாளி வருமுன்பே, வாசலுக்கு எதிர்ச் சுவரோரம் இருக்கும் தலையிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அவர் உட்காருகிற லட்சணத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். கூட்டத்தில் மூத்தவர் என்பதால் சொந்த வீட்டிலும் அந்த இடம் அவருக்குத்தான். எழுந்து நின்று வரவேற்கவும் வேண்டாம். எல்லோரும் போன பிறகு, முதுகுக்குப் பின்னால் கூரையைத் தொடும் உயரத்துக்கு அடுக்கியிருந்த மெத்தை ரஜாய்களைப் பிடித்துத் தொங்கியாவது எழுந்துவிடலாம். மதகைத் திறந்து வாழ்த்துச் சொல்கிற சடங்கு எப்போதும் மறுநாள்தான். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

புருல் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, சுவரைப் பிடித்து, மேலே பார்த்து, பல்லைக் கடித்து ஒருவழியாகக் கீழே சேர்ந்தார். சம்மணம் போட்டார். பார்ப்பதற்கு ஓவியம் மாதிரி இருந்தது.

முதலில் ஜிபார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கணக்கில் உள்ளது. அடுத்து வந்த கால்மாத், தலையிடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, நேராக மேசைக்குப் போனார். கால்சராயை மருமகள் அப்போதுதான் தேய்த்துக் கொடுத்தாளாம். சம்மணம் போட்டால் மடிப்புக் கலைந்துவிடுமாம்.

அதிகம் நான்கு, என்று ஷார்ஷென் மனதுக்குள் திருத்திக்கொண்டார்.

பேகாலி வாத்தியார் வந்தார். இது நம் பள்ளிக்கூடத்து நாற்காலி ஆயிற்றே, கால் ஆடுகிறதா பார்ப்போம் என்று ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. ஆடாத நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. மூன்று. ஒமுர்பெக், இங்கிருந்து பார்த்தால் தன் தோட்டத்து ஆப்பிள் மொட்டு தெரியும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தார். தோட்டம் ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு.

கடைசியாக துய்ஷோன் வந்தார். ஒரு காலணியின் வார் கட்டாமல் தொங்கியது. வாசலில் நின்று விரிப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"உங்க பக்கத்துல உட்காரணும்னுதான் வந்தேன் அண்ணே. இவங்க எல்லாரும் மேலே இருக்கறப்ப நான் மட்டும் இறங்கினா மரியாதையா இருக்காது" என்று சொல்லிவிட்டு மேலே உட்கார்ந்தார்.

அதிகம் ஒன்று.

ஆக, தரையில் ஷார்ஷென் ஒருவர். அவர் கண்ணுக்கு நேரே மேசையின் அடிப்பக்கம். முகங்கள் தெரியவில்லை, கால்கள் தெரிந்தன. பேச்சு மேலே ஆட்டு விலையிலும் பனியிலும் போய்க்கொண்டிருந்தது. கீழே வேறு கச்சேரி. கால்மாத் ஒரு காலை மடக்காமல் கட்டைபோல நீட்டியிருந்தார். பேகாலி இடது முழங்காலைச் சத்தமில்லாமல் பிசைந்துகொண்டிருந்தார். துய்ஷோன் தன் பெருவிரலை யாரும் தொட்டுவிடாதபடி நாற்காலிக்கு அடியில் பதுக்கியிருந்தார். ஒமுர்பெக்கின் கைகள் மடியில் கிடந்தன. விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன.

எல்லாம் கிழடு தட்டிவிட்டதுகள் என்று ஷார்ஷென் நினைத்தார். இந்த ஊரில் ஆம்பளை மாதிரி உட்கார்ந்திருப்பது நான் ஒருவன்தான். இந்த நினைப்பில் அவருக்கு வலதுகால் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

கறி வந்தது. மூத்தவருக்குரிய இடுப்பெலும்பைப் புருல் தட்டோடு கீழே கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அப்படியே குனிந்தாள், அப்படியே நிமிர்ந்தாள். மேலே துய்ஷோன் ஆட்டின் சிறுநீரகத்துக்குக் கை நீட்டியபோது, ஜிபார் காலணி வாரைப் பற்றி விசாரித்தாள். கல்லில் இடித்துக்கொண்டதாக துய்ஷோன் சொன்னார்.

"அந்தக் கல்லு நடுராத்திரி படுக்கையில வந்து இடிச்சுதா? விரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போச்சாமே. உங்க வீட்டுப் பெரியம்மா சொன்னாங்க."

துய்ஷோன் கையை இழுத்துக்கொண்டார். அது ரத்தத்தில் ஒருவித உப்பு கூடி விரல் மூட்டில் படிகிற நோய் என்று ஜிபார் சொன்னாள். ஈரல், சிறுநீரகம், சாராயம் மூன்றையும் தள்ளி வைக்கவேண்டும், நாளைக்கு மருந்தகத்துக்கு வரவேண்டும். பிறகு ஒமுர்பெக்கின் கையை வாங்கிப் பார்த்தாள். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டாள். மதியம்வரை கிளை வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடிவதில்லை, சோர்வாகவே இருக்கிறது என்று ஒமுர்பெக் ஒப்புக்கொண்டார். அவள் குரல் மாறிவிட்டது. இது தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்து அடிக்கிறது, கொழுப்பு தடவிக்கொண்டு காத்திருக்கிற விஷயம் இல்லை என்றாள். இந்த வாரமே மாவட்ட மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். தானே கூட வருவதாகவும் சொன்னாள். ஒமுர்பெக் தலையாட்டினார்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"ஜிபார், எனக்கு ஒரு மச்சான் இருக்கான். புருலோட தம்பி. டவுன்ல இருக்கான்."

"சொல்லுங்க பெரியப்பா."

"அவனுக்குக் காலையில டீ குடிக்கிற வரைக்கும் முழங்கால் மடங்காது. அப்புறம் சத்தத்தோட மடங்கும். மேட்டுல ஏறிடுவான், இறங்கறதுதான் கஷ்டம். வீக்கம், சூடு ஒண்ணும் கிடையாது. அவனுக்கு என்ன?"

புருல் சமோவாரிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"அது தேய்மானம். தேய்ஞ்சது திரும்பி வளராது, ஆனா அதோட நல்லா வாழலாம். படுத்துக் கிடந்தா இன்னும் இறுகிடும், தினமும் நடக்கணும். தொடைச் சதை பலமானா முழங்காலுக்குப் பாரம் குறையும், அதனால காலை நீட்டித் தூக்கிப் பிடிச்சுப் பழகணும். ரெண்டு காலும் வலிச்சாலும், அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில கோல் வெச்சுக்கணும். வலி மாத்திரையைத் தானா வாங்கி மாசக்கணக்கா முழுங்கக்கூடாது, வயிறு போயிடும், என்னைக் கேட்கணும். உங்க மச்சான் இதுல பாதியை ஏற்கெனவே செய்யறார்னு கேள்விப்பட்டேன்."

"அவனா? அவன் சோம்பேறியாச்சே."

"தனக்கே தெரியாம செய்யறாராம். இனிமே குந்தாம, தரையில உட்காராம இருந்தா மீதிப் பாதியும் முடிஞ்சுது."

இதையெல்லாம் எங்கேயோ பார்த்ததுபோல ஷார்ஷெனுக்கு இருந்தது. ஆனால் எலும்பில் இன்னும் கறி இருந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கால்மாத் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் நன்றாக அடிக்கிறது, நாளைக்கு எதற்கு, இப்போதே எல்லோரும் தலைமதகுக்குப் போய்விடுவோம், நீர்பாய்ச்சி யார் என்பதை அங்கேயே வைத்துச் சொல்லிவிடுவோம் என்றார். மற்றவர்களும் சரி என்று எழுந்தார்கள். அவரவர் மேசையில் கை ஊன்றி, ஆளுக்கு ஒரு முனகலோடு எழுந்தார்கள்.

ஷார்ஷெனுக்கு முதுகில் வேர்த்தது. நீங்கள் முன்னால் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றார். மூத்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எல்லோரும் நின்றார்கள். தேநீர் இன்னொரு கோப்பை வேண்டும் என்றார். சமோவார் காலி என்றாள் புருல். இனி வேறு வழி இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், அடுக்கிலிருந்த ஒரு ரஜாயின் விளிம்பை இறுகப் பிடித்தார். மண்வெட்டியையும் கடைசிப் பாத்தியையும் நினைத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

அவர் எழவில்லை. அடுக்கு இறங்கியது. முதலில் கல்யாணத்துக்கு வந்த சிவப்பு ரஜாய், பிறகு விருந்தாளிகளுடையது, பிறகு மிச்சம் எல்லாம். தலையிடத்தில் இப்போது ஒரு துணிக்குன்றும், அதன் உச்சியில் ஒரு வெள்ளைத் தொப்பியும் மட்டும் தெரிந்தன.

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜிபாரும் புருலும் ரஜாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முகம் வெளியே வந்ததும் ஷார்ஷென் யாரையும் பார்க்காமல் பேசினார். "சரி. பார்த்தாச்சு இல்ல. மண்வெட்டியை துய்ஷோனுக்குக் குடுத்துடுங்க."

"எனக்கா?" என்றார் துய்ஷோன். "நான் செருப்பு வாரைக்கூடக் கட்ட முடியாம நிக்கறேன். உங்களுக்கு முழங்கால் போச்சுன்னு தெரியாத கழுதைகூட இந்த ஊர்ல இல்ல அண்ணே. அந்த ஆட்டுத்தோல் நாளன்னைக்கு என் நாயே வந்து சொல்லிடுச்சு."

பேகாலி வாத்தியார் தொண்டையைச் செருமினார். "போன வருஷம் பூரா நீங்க கால்வாய்ல இறங்கவே இல்ல. கரையில நின்னு துறட்டியாலதான் இழுத்தீங்க. கரை உடையல, கடைசி வயல் வரைக்கும் தண்ணி போச்சு. எங்களுக்குத் தண்ணிதான் வேணும், உங்க முட்டி எதுக்கு? இந்த வருஷமும் நீங்கதான் நீர்பாய்ச்சின்னு நாங்க முடிவு பண்ணி ஒரு வாரம் ஆச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க முடிவு பண்ணி அதுக்கும் மேல."

"அப்போ ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றார் துய்ஷோன்.

புருல் ஏழாவது நாற்காலியைத் தூக்கிவந்து அவர் முன்னால் போட்டாள். இரண்டு கையையும் அதில் ஊன்றச் சொன்னாள். ஒரு முழங்காலில் நின்று, மற்ற காலை முன்னால் வைத்து, தொடையால் தள்ளி எழச் சொன்னாள். தள்ளினார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, தொடை தள்ளியது. எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். கால் மரமரப்புத் தெளியட்டும், பிறகு போவோம் என்றாள் ஜிபார். மற்றவர்கள் அவரவர் இடத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள்.

புருல் துறட்டியை எடுத்துவந்து அவருடைய இடதுகையில் கொடுத்தாள். ஷார்ஷென் அதைப் பார்த்தார். மணிக்கட்டு உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்க் கை. சுவரில் ஆணியில் தொங்கிய கம்பளி நூல் வளையத்தைப் பார்த்தார்.

"கிழவி, அந்த நூல் எவ்வளவு இருக்கு?"

"ஒரே உருண்டைதான். நீங்க தூங்கினதும் பிரிச்சு வெச்சுடுவேன்."

புருல் காலையிலிருந்து முதல்முறையாகத் தானும் சமோவார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை அதிகம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

ஷார்ஷென் எதையும் எண்ணாமல் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. எண்ணினார். ஆள் ஏழு. நாற்காலி ஏழு. மீதி பூஜ்யம்.